அக்கா வீட்டு மாடியில் அளந்த காற்று

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நலம். அத்தானின் முதுகுவலி தேவலையா? தூசியை அளந்தே பிழைக்கிறான் என்று என்னைக் கேலி செய்வாயே, அந்தப் பிழைப்பில் ஒரு சேதி. உன் மொட்டை மாடியில் வைத்த கருவியின் கணக்கு வந்துவிட்டது. சிமெண்ட் ஆலையை ஒட்டிய தெருவா இது என்னும்படி காற்று சுத்தம். அறிக்கையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். ஆலைக்கு இரண்டாவது சூளை வைக்க அனுமதி கிடைத்துவிடும். பாப்பாவின் வீசிங்குக்குக் காரணம் வீட்டுக்குள்தான் இருக்க வேண்டும். தலையணைகளை மாற்றிப் பார்.

உன் தம்பி

பிப்ரவரி 15

தம்பிக்கு,

தலையணை, மெத்தை எல்லாம் மாற்றியாயிற்று. பூனையைக்கூட விரட்டிவிட்டேன், பாவம். பாப்பாவுக்கு இழுப்பு நிற்கவில்லை. படித்தவன் நீ, சொன்னால் சரியாகத்தான் இருக்கும். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

உன் கருவியைக் கண்ணுக்குக் கண்ணாகப் பார்த்துக்கொண்டேன். ஆலை புகை விடும்போதெல்லாம் ஓடிப்போய்ப் போர்வையால் மூடிவிடுவேன். இல்லாவிட்டால் அந்தத் தூசியில் அது என்ன கதியாகியிருக்குமோ.

அக்கா

பிப்ரவரி 21

அக்கா,

அந்தத் தூசியைப் பிடிக்கத்தான் அதை வைத்தேன். மூடக்கூடாது என்று உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உன்மேல் தப்பே இல்லை.

அறிக்கையைத் திரும்பக் கேட்டேன். "அக்கா வீட்லயா வச்சீங்க? வெளிய தெரிஞ்சா இத்தனை வருஷம் சம்பாதிச்ச பேர் போயிடும். பேசாம விடுங்க" என்றார் எங்கள் ஆய்வு நிலைய இயக்குநர். நடந்ததை எழுதியே கொடுத்தேன். ஆராய்ச்சியிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் வேறொருவரை வைத்து மறுபடி அளக்கச் சம்மதித்திருக்கிறார்கள். அதே மாடியில் அளந்தால்தான் செல்லும். அத்தான் அந்த ஆலையில் வேலை பார்ப்பவர். முடியாது என்றால் நான் கோபிக்க மாட்டேன்.

தம்பி

மார்ச் 12

தம்பிக்கு,

கருவி மாடியில் ஓடுகிறது. புதிதாக வந்த பொறியாளர் அம்மா அதிலிருந்து தூசி பிடிக்கும் வடிதாளைக் கழற்றிக் காட்டினார். நேற்று வெள்ளையாக வைத்தது, சாம்பல் அப்பிக் கிடந்தது. இது எவ்வளவு காற்றை இழுக்கும் என்று கேட்டேன். "ஒரு ஆள் இழுக்கிறதைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான்" என்றார். கீழே ஓடி, பாப்பா படுத்திருந்த அறையின் ஜன்னலைச் சாத்தினேன்.

கருவியை இறக்கச் சொல்லி ஆலையில் அத்தானைக் கூப்பிட்டு மிரட்டினார்கள். வீட்டுக்கு வந்து சாப்பிட்டார். கை கழுவிவிட்டு, "இருக்கட்டும். நான் வேற வேலை பாத்துக்கறேன்" என்றார். அளந்து முடிந்து, சூளை அனுமதி பற்றி முடிவு வரும்வரை கருவிக்குக் காவலாக நாங்கள் இங்கேயே இருந்தாக வேண்டும்.

சனிக்கிழமை பஸ்ஸில் அத்தான் பாப்பாவைக் கொண்டுவந்து உன்னிடம் விடுவார். பள்ளிக்கூடத்தில் பெயரை எடுத்தாயிற்று. அவளிடம் லீவுக்கு என்றுதான் சொல்லியிருக்கிறேன். கொஞ்ச நாளில் மூச்சு சரியாகிவிடும். அப்புறம் அம்மாவிடம் போகிறேன் என்று அழுவாள்.

அழுதாலும் அனுப்பிவிடாதே.

அக்கா