தூரவலி

இன்று காலை டவுன் பஸ்ஸில் முன்சீட்டு அம்மா நெற்றியில் தைலம் தேய்த்தார். பழங்காநத்தம் வருவதற்குள் பஸ் முழுக்க அந்த வாசம். என்னால் உட்கார முடியவில்லை. பாதி வழியிலேயே இறங்கி நடந்தேன். நீ போனதிலிருந்து இப்படித்தான், ஓரிடத்தில் கால் தரிப்பதில்லை.

ஆஸ்பத்திரியில் டியூட்டி முடித்து, அதே தைலத்தைத் தடவிக்கொண்டுதான் பசுமலை ஜெர்மன் வகுப்புக்கு வருவாய். ஜெர்மனிக்கு நர்ஸாகப் போகவேண்டும் என்பது உன் ஆசை. எனக்கு அப்படியொன்றும் இல்லை. நீ இழுத்தாய், நானும் வந்தேன்.

ஒருநாள் சார் பலகையில் ‘ஃபெர்ன்வே’ என்று எழுதி நடுவில் கோடு போட்டார். ஃபெர்ன் என்றால் தூரம். வே என்றால் வலி. ஊரைப் பிரிந்தவர்களின் ஏக்கத்துக்கு ‘ஹைம்வே’, அதாவது வீட்டுவலி என்றொரு சொல் முன்பே இருந்ததாம். அதைப் பார்த்து, போக ஏங்குகிறவர்களுக்காகப் பிற்பாடு இதைக் கட்டினார்களாம்.

“‘வே’ங்கறது மொதல்ல வார்த்தையே இல்லம்மா. வலிச்சா வாயில வர்ற சத்தம். நம்ம ஐயோ மாதிரி,” என்றார்.

நீ என் தொடையைக் கிள்ளினாய். “ஏடி, இம்புட்டு நாளா எனக்கு இருக்க சீக்குக்கு இப்பத்தேன் பேரு தெரிஞ்சிருக்கு.”

இருவரும் பரீட்சையில் தேறினோம். விசாவுக்கு முந்தைய பரிசோதனையில் உன் வயிற்றில் கட்டி இருப்பது தெரிந்தது. நாம் வேலை பார்த்த வார்டிலேயே படுத்தாய். நான் ஊசி போட வரும்போதெல்லாம், எங்கே வலிக்கிறது என்று ஜெர்மனில் கேட்கச் சொல்வாய். ‘வோ டூட் எஸ் வே?’ நான் எழுத்துக்கூட்டிக் கேட்பேன்.

“இம்புட்டு மெதுவாக் கேட்டா நோயாளி போய்ச் சேந்துருவா. வெரசாக் கேளுடி.”

கடைசி வாரம் விரைவாகத்தான் கேட்டேன். நீ எந்த மொழியிலும் பதில் சொல்லவில்லை. ஒரு சத்தம் மட்டும் வந்தது. சார் சொன்னது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

விசா வந்துவிட்டது. பெட்டியைக் கட்டுகிறேன், பிரிக்கிறேன், மறுபடி கட்டுகிறேன். நேற்று அம்மா பொறுக்கமாட்டாமல் கேட்டாள்: “ஆசப்பட்டவ அவ. நீ எதுக்குடி போற?”

உனக்காக என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அது உண்மையில்லை. உன் பக்கத்தில் உட்கார்ந்து படித்த நாட்களில், எப்போதென்று தெரியாமல், எனக்கும் அந்தத் தூரவலி தொற்றிவிட்டது. வார்டில் நிற்கும்போதும் சோற்றில் கை வைக்கும்போதும் உள்ளே பிறாண்டுகிறது.

“எனக்கே போகணும்மா,” என்றேன்.

சொன்ன பிறகு வெகுநேரம் அழுதேன். அதை முதலில் கேட்டிருக்க வேண்டியவள் நீ.