கொழுப்பைக் கரைக்கும் நீர்

மார்ச் 4
இவர் காலின் முன்பக்கத்தில் சிவப்பாகக் கட்டிகள். தொட்டால் கத்துகிறார். டிரைவிங் ஸ்கூல் காரில் வாத்தியார் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டக் கற்கிறவர்கள் தடுமாறினால் இவர்தான் மிதிக்க வேண்டும். அங்கே இடித்துக்கொண்டதாம். நானும் நம்பித் தைலம் தேய்த்தேன்.

மார்ச் 19
இடித்ததல்ல. கணையத்தில் புற்றுநோய்.

மார்ச் 20
டாக்டர் படம் வரைந்து காட்டினார். கொழுப்பைச் செரிக்கக் கணையம் லைபேஸ் என்ற நொதியைச் சுரந்து குடலுக்கு அனுப்பும். இவருடைய புற்றுநோய்ச் செல்களும் அதையே சுரந்து ரத்தத்தில் கொட்டுகின்றனவாம். அது கால்வரை போய்த் தோலுக்கடியில் உள்ள கொழுப்பைத் தின்கிறது. அதுதான் கட்டி.

"எனக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு கல்யாணம் ஆனதுலேருந்து சொல்லுவியே. இப்ப கரையுது பாரு," என்றார் இவர். டாக்டர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. மரத்துப் போயிருக்கிறேன்.

ஏப்ரல் 2
மருந்து ஏற்றினார்கள். லைபேஸ் இறங்கினால் மருந்து கேட்கிறது என்று அர்த்தம். இனி அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஏப்ரல் 11
ரத்தத்தில் அவ்வளவு ஓடுகிறது, குடலில் இல்லை. அதனால் அதே நொதியை, மாவுச்சத்தைக் கரைக்கும் நொதியும் சேர்ந்த கேப்சூலாகச் சாப்பாட்டோடு விழுங்க வேண்டும். என்ன நியாயம் இது?

விழுங்க முடியவில்லை என்றார். பிரித்து, உள்ளே இருந்த மணிகளை இடித்து ஓட்ஸ் கஞ்சியில் கலந்தேன். மகள் போன் செய்தாள். பேசிவிட்டு வந்து பார்த்தால் கஞ்சி வெறும் தண்ணீராகக் கிடக்கிறது. நர்ஸிடம் கேட்டதற்குத் திட்டினார்: "இடிக்கவே கூடாதும்மா. வாயெல்லாம் புண்ணாயிடும்."

கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். இவருக்கு உள்ளேயும் இப்படித்தானே— வேண்டாம். கொட்டிவிட்டு வேறு கஞ்சி வைத்தேன்.

மே 6
லைபேஸ் பாதியாக இறங்கிவிட்டது. கட்டிகளும் வற்றுகின்றன. மகள் போனிலேயே அழுதாள். "சரி சரி, நீ சாப்டியா?" என்றேன். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிகிறது. வரமாட்டேன் என்கிறது.

ஜூன் 15
மறுபடி ஏறிவிட்டது.

ஜூன் 27
மருந்தை மாற்றினார்கள். இப்போது முழங்காலும் வீங்கியிருக்கிறது. டிரைவிங் ஸ்கூலில் வேறு ஆள் போட்டுவிட்டார்களாம்.

ஜூலை 20
டாக்டர் இன்று ரொம்ப மெதுவாகப் பேசினார். வலிக்கு மட்டும் எழுதிக் கொடுத்தார். "இனிமே ரத்தம் எடுக்க வேணாம்மா. லைபேஸ் பாக்க வேண்டியதில்ல." ஊசி குத்த இவர் கையில் இடமே இல்லை. அப்பாடா என்றிருந்தது. "ரொம்ப தேங்க்ஸ் டாக்டர்," என்றேன்.

லிஃப்டில் இவர் கேட்டார்: "எதுக்கு தேங்க்ஸ் சொன்ன?"

"இனிமே ஊசி இல்லன்னு சொன்னாரே—"

பாதியிலேயே நின்றுவிட்டேன். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். வீடு வரும்வரை விடவில்லை.