சரோஜா கண்ட வெளுப்பு

செவ்வாய், இரவு.

கட்டபெட்டு டீ ஃபேக்டரியில் தூள் தரம் பிரிக்கும் சரோஜாவுக்கு இன்று குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்தேன். மயக்க ஊசி வேண்டாமென்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளை ஒளியில் ஒன்றுமில்லை. கட்டிகளைப் பளிச்சென்று காட்டும் நீல ஒளியிலும் சுத்தம். அதை நம்பித்தான் குடல் சுவரில் நீலச் சாயம் தெளித்துப் பார்ப்பதையே விட்டிருந்தேன். முடித்துவிடலாமென்று வெள்ளை ஒளிக்குத் திரும்பியபோது, "ஏனுங்க டாக்டர், அந்த மடிப்போரம் மட்டும் வெளுத்தாப்பல இருக்குதுங்களே" என்றார்.

சிரித்துக்கொண்டேதான் சாயம் தெளித்தேன். தட்டையாக ஒரு பாலிப், விட்டால் புற்றாகக்கூடிய சதை வளர்ச்சி, ஓரமெல்லாம் நீலக்கோடு கட்டிக்கொண்டு தெரிந்தது. அப்போதே முழுதாக எடுத்துவிட்டேன். என் கை மேல் எனக்குச் சந்தேகமே இல்லை.

போன வாரம் சாயமில்லாமல் பார்த்து, ஒன்றுமில்லையென்று மூன்று பேரை அனுப்பினேன். சாயம் தெளித்து மறுபடி பார்க்க, நாளை காலை நானே அவர்களைக் கூப்பிடுவேன். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.