சாமிப் படத்துக்குப் பக்கத்தில் தொங்கிய பக்கம்

அஜின்கோர்ட்
ஞாயிறு

அன்புள்ள மகள் நிலாணிக்கு,

நானும் தம்பி சுலக்சனும் சுகம், ஜமேக்காவில் கிங்ஸ்ரனில் நீயும் சுகமாக இருக்க நல்லூரான் துணை நிற்கட்டும். வெயிலில் தொப்பி இல்லாமல் திரியாதே. சுகம் விசாரித்தது இவ்வளவும் போதும், உன்மேல் எனக்கு வந்திருக்கிற ஆத்திரம் கொஞ்சமல்ல.

நீ எழுதுகிற புத்தகத்தின் முதல் பக்கங்களை அனுப்பினாயே, "அப்பா போன பிறகு தனியாக நின்று கடையையும் எங்களையும் நடத்திய அம்மா யோகமலருக்கு" என்று இருந்ததைக் கண்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அதையும் அடுத்த பக்கத்தையும் சட்டம் போட்டுக் கடையில் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் தொங்கவிட்டுச் சந்தனப் பொட்டும் வைத்தேன். என் பெயர் இருந்த வரியைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தேன், மற்றது ஆராய்ச்சி, நமக்கென்ன விளங்கப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

நம் சாப்பாட்டுக் கடைக் குசினியில் வேலை செய்கிற கிளடிஸ் அன்ரி மிச்சத்தையும் வாசித்தார். அவர் பிறந்ததே ஜமேக்காவில், அவரின் முன்னோர் கரும்புத் தோட்ட அடிமைகள், உனக்கு அங்கே அறை பிடித்துத் தந்தவரும் அவர்தான். புருசன் செத்த பிறகு கரும்புத் தோட்டத்தைத் தனியாக நடத்திய வெள்ளைக்காரியின் கெட்டித்தனத்தைப் பக்கம் முழுக்க எழுதியிருக்கிறாய், வேலைக்குப் பிந்தி வந்த அடிமைப் பெண்ணுக்கு அவள் சவுக்கடி கொடுப்பித்தது மட்டும் ஒரே வரியில் ஓடிப்போகிறது. போதாததற்கு, அவளைப் படிக்கும்போது அம்மாவின் நினைவு வந்ததாம். உனக்கு வேறு ஆள் கிடைக்கவில்லையா பிள்ளை?

கிளடிஸ் அன்ரி சத்தம் போடவில்லை. அடி வாங்கிய பெண்ணுக்குப் பெயர் இல்லையா என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். ஏப்ரனை மடித்து வைத்துவிட்டுப் போனவர், செவ்வாய்க்கிழமைதான் வந்தார், அதுவும் பிந்தி. வழக்கமாக, பிந்தினால் நான் பாய்ந்து விழுவது உனக்குத் தெரியும். அன்று வாயைத் திறந்துவிட்டு மூடிக்கொண்டேன். வெங்காயம் உரியுங்கோ என்று சொல்லவும் நாக்கு எழும்பவில்லை, இந்தக் கிழமை முழுக்க நானே உரித்து என் கண் இரண்டும் வீங்கிக் கிடக்கிறது. எல்லாம் உன்னால்.

போனில் கேட்டதற்கு, "பெயர் பழைய பதிவில கிடக்குதம்மா, இடம் போதாதெண்டு விட்டுட்டன்" என்றாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று கதையாமல் வைத்ததும் அதனால்தான்.

சட்டத்தைக் கழற்றிவிட்டேன். நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு படுக்காதே, அம்மாளாச்சி உன்னைக் காப்பாள். புத்தகம் அச்சுக்குப் போக முதல் ஒன்று செய். புத்தகத்தில் என் பெயர் வர எனக்கு ஆசை இல்லையென்று நினைக்காதே, நிறைய ஆசை. ஆனாலும் எனக்கென்று ஒரு வரி இடம் வைத்திருக்கிறாய் அல்லவா, அதை அந்தப் பெண்ணுக்குக் கொடு.

அன்புடன்,
அம்மா யோகமலர்