அடுப்படிக்குப் புது மேடை

சித்ராம்மா,

தில்லை நகரில் ஒரு வீட்டுக்கு மரத்தரை போட்டேன். மீந்த தேக்குப் பலகைகளை ஒட்டி, நம் ஸ்ரீரங்கத்து வீட்டு அடுப்படிக்குப் புது மேடை செய்துவிட்டேன். ஓரம் உடைந்த பழைய கல்மேடையைப் பெயர்த்தாச்சு.

"கல்லு எப்படிப்பா உடைஞ்சுது?" என்று பக்கத்து வீட்டு சகுந்தலா அக்கா கேட்டார்கள். குழவி விழுந்தது என்றேன். நீயும் அப்படியே சொல்.

இந்த மேடையின் ஓரங்களை நன்றாக இழைத்து உருட்டியிருக்கிறேன். இனிமேல் உன் நெற்றி பட்டாலும் கிழியாது.

நீ இருக்கும் இடத்தை உன் அண்ணன் முதலில் சொல்லவில்லை. அப்புறம் சொன்னார்.

இதைத் தபாலில் போடவில்லை. கே.கே. நகரில் உன் வாசலில் தொங்கும் பால் பையில் நானே வைத்துவிட்டு, தெருமுனையில் வண்டியோடு நிற்கிறேன். யாரையும் எழுப்பாமல் வா.

அன்புடன்,
உன் வீட்டுக்காரன்