கம்ப்யூட்டருக்கு வைத்த பெயர்

சதுரங்கப்பட்டினம்
9.7.2007

அன்பு மகள் யோகேஸ்வரிக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம், புனேயில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அங்கே ஓயாத மழை என்றாயே, ஈரத் தலையோடு வேலைக்கு ஓடாதே. உன் நைனாவுக்கு முழங்கால் வலி தேவலை, வீம்பு மட்டும் அப்படியேதான். ஊரை விட்டுப் போய்விட்டாய் என்ற கோபத்தில் எட்டு மாதமாக உன்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை, நான் போனை நீட்டினால் வலையைப் பார்க்கணும் என்று எழுந்து போய்விடுகிறார். அதுதான் எனக்கு மனசில் முள்.

நீ அனுப்பிய, கம்ப்யூட்டரை ஓட வைக்கும் லினக்ஸ் சிடிகளும், அதை ஏற்றும் முறையைக் கைப்பட எழுதிய நான்கு பக்கமும் வந்து சேர்ந்தன. எங்கள் மகளிர் குழுவுக்குக் கேளம்பாக்கத்து ஆபீஸ் ஒன்று கழித்துக் கொடுத்ததே ஒரு பழைய கம்ப்யூட்டர், அதைக் காயலான் கடையில் போடச் சொன்னார்கள். உன் நைனாவும், ஊர வுட்டுப் போனவ சிடி அனுப்ச்சா பொட்டி ஓடிடுமா என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது, உட்கார்ந்துவிட்டேன். முதலில் அடிப்படை மட்டும் போதும், வேறு எதையும் எடுக்காதே என்று இரண்டு கோடு போட்டு எழுதியிருந்தாய். உன் அம்மா கை சும்மா இருக்குமா? நீ புனே கிளம்பும்போது உன் பையில் அம்மிக்கல் தவிர எல்லாம் திணித்தவள் ஆயிற்றே. இருக்கட்டும், பிறகு உதவும் என்று திரையில் வந்த பட்டியலில் இருந்ததற்கெல்லாம் டிக் அடித்தேன், பாதியில் இடமில்லை என்று நின்றுவிட்டது. திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்து நீ சொன்னபடியே செய்தேன். சீக்கிரம் முடிந்தது, ஆனால் படமே இல்லை, கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி. குழுத் தலைவி சந்திரம்மா எட்டிப் பார்த்து, இன்னா ரத்னா, செத்துப் பூடுச்சா என்றாள். எனக்கும் திக்கென்றது. மூன்றாம் பக்கத்தில், கறுப்பாக இருந்தால் பயப்படாதே அம்மா, அதுதான் சரி என்று எழுதியிருந்தாய் பார், அதைப் படித்த பிறகுதான் உயிர் வந்தது. அப்புறம் ஜன்னல் ஜன்னலாகப் படம் காட்ட ஒன்று, கடிதம் அடிக்க ஒன்று, தமிழ் எழுத்து, பிரிண்டருக்கு ஒன்று, நான்கே நான்குதான் சேர்த்தேன். ஐஸ் பெட்டி கேட்டு கலெக்டர் ஆபீசுக்கு எழுதும் மனுவை நானே அடித்து எடுத்தேன், சந்திரம்மா அந்தத் தாளைக் குப்பம் முழுக்கக் காட்டிவிட்டு வந்தாள். பத்தாவதோடு நின்றவள் நான். நீ எழுதினாய், நான் செய்தேன். பெருமையாக இருக்கிறதடி, வெட்கப்படாமல் சொல்கிறேன்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. நடுவில் கம்ப்யூட்டருக்கு ஒரு பெயர் கேட்டது. ஏதாவது வை என்று எழுதியிருந்தாய், நான் உன் பெயரை வைத்தேன். சுவிட்சைப் போட்டால் அந்தக் கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் முதலில் அதுதான் வந்து நிற்கிறது. இது இன்னா எழுத்து என்று நைனா கேட்டார், சொன்னேன். இப்போது தினமும் கடலிலிருந்து வந்ததும் குழு அறைக்குப் போய், தானே சுவிட்சைப் போட்டு, உன் பெயர் வரும்வரை நின்று பார்த்துவிட்டு, பட்டென்று அணைத்துவிட்டு வருகிறார். அப்படி அணைக்கக் கூடாது என்று நீ எழுதியிருப்பதைப் படித்தே காட்டினேன். அவளே சொல்லட்டும், கேட்டுக்கிறேன் என்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள், அம்மன் உன் கூடவே இருப்பாள், நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும். ஞாயிறு காலை பத்து மணிக்கு, நைனா வீட்டில் இருக்கும் நேரம், மறக்காமல் போன் செய். நான் எடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
லோ. ரத்னா