மணிக்குப் போட்ட கையுறை

அன்புள்ள அப்பா,

அன்று நான் உங்களிடம் சொல்லாமல் விட்டது ஒரேயொரு வரி: "அப்பா, அது உங்கட விரல் இல்லை." அதைச் சொல்ல ஒரு பின்னேரம் முழுவதும் எனக்கு இருந்தது. பிறகு மூன்று வருடங்களும் இருந்தன.

அந்த மாசி மாதச் சனிக்கிழமை உங்களுக்கு நினைவிருக்கிறதா? உங்கள் மெட்டை ஒரு சிடியில் பதிந்து ஊரிலிருக்கும் சித்தப்பாவுக்கு அனுப்ப வேண்டும் என்றீர்கள். நோர்வேயின் வடகோடியில், பாட்ஸ்பியோர்டில் மீன் வெட்டிய காலத்தில், வேலை முடிந்து வந்து விடுதி அறையில் நீங்களே கட்டிய மெட்டு. அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை. கிட்டாரும் அங்கிருந்து வந்ததுதான். ஊரைவிட்டுப் போன ஒரு நோர்வேக்காரர் உங்களிடம் விட்டுச்சென்றது. மைக் மட்டும் என்னுடையது. இங்கே எங்கள் ஹவுகன்ஸ்டுவா வீட்டில் உங்கள் படுக்கையறையை நான் ஒலிப்பதிவுக்கூடம் ஆக்கினேன்.

இணையத்தில் வாசித்ததையெல்லாம் செய்து பார்த்தேன். மைக்கைக் கிட்டாரின் துளைக்கு நேரே வைத்தபோது யாரோ பீப்பாய்க்குள் இருந்து வாசிப்பதுபோல் கேட்டது. ஒரு சாண் தள்ளி, கழுத்து உடலோடு சேரும் இடத்தைப் பார்த்துத் திருப்பினேன், சத்தம் தெளிந்தது. ஜன்னலுக்குப் போர்வை தொங்கவிட்டேன். குளிர்சாதனப் பெட்டியை நிறுத்தினேன். ரயில் கடந்து போகும்வரை இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தோம். சுவர் இன்னும் எதிரொலித்தது. தொங்கும் உடுப்புகள் எதிரொலியைக் குடித்துவிடும் என்று வாசித்திருந்தேன். அதனால் அலுமாரிக் கதவுகள் இரண்டையும் அகலத் திறந்து வைத்தேன். அந்த அலுமாரியின் மேல்தட்டில்தான் எங்கள் சாமி.

"சாமியைத் திறந்துபோட்டுக் கச்சேரியே வைக்கிறியள்?" என்று அம்மா வாசலில் நின்று கேட்டார்.

"சாமிக்கும் பொழுது போகவேணுமெல்லோ," என்றீர்கள்.

"உங்கட வாசிப்பைக் கேட்டால் அது எழும்பிப் போயிடும்."

அம்மா கதவைச் சாத்திக்கொண்டு போனார். நீங்கள் வாசித்தீர்கள். நன்றாகவே வாசித்தீர்கள் அப்பா. ஆனால் ஓரிடத்தில் மட்டும் 'கிர்ர்' என்று ஒரு சத்தம். தடித்த தந்தியின் மூன்றாம் கட்டத்தை உங்கள் மோதிரவிரல் அழுத்தும் இடம். பாட்ஸ்பியோர்ட் குளிரும் கத்தியும் சேர்ந்து உணர்ச்சியைப் பறித்த விரல் அது. "இன்னொருக்கா அப்பா," என்றேன். ஏழு தடவை வாசித்தீர்கள். ஏழு தடவையும் அதே இடத்தில் அதே சத்தம்.

"என்னிலையோ பிழை?"

"ஓமப்பா. விரல் வடிவா அழுத்தேல்லை. மைக் பொய் சொல்லாது." ஹெட்போனைக் கழற்றாமலே சொன்னேன்.

நீங்கள் அந்த விரலை மற்றக் கையால் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். "மீன்காரன்ர விரல் பிள்ளை," என்று சிரித்துவிட்டுக் கிட்டாரைப் பைக்குள் வைத்தீர்கள். சித்தப்பாவுக்கு சிடி போகவில்லை.

மறுநாள் நீங்கள் பஸ் ஓட்டப் போயிருந்தீர்கள். நான் அலுமாரியை முதல்நாள்போலத் திறந்துவைத்து, கிட்டாரை எடுத்து அதே கட்டத்தை அழுத்தித் தட்டினேன். கிர்ர். பத்தொன்பது வயது விரல், குறை ஒன்றும் இல்லாத விரல். இன்னும் பலமாக அழுத்தினேன். அதே கிர்ர். பிறகு ஒரு கையால் தந்தியைத் தட்டுவதும், மற்றக் கையால் அறையிலுள்ள பொருள்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பதுமாக இருந்தேன். விளக்கு, ஜன்னல் பிடி, உடுப்புத் தொங்கும் கம்பி. கடைசியாகச் சாமிக்கு முன்னால் இருக்கும் பித்தளைச் சாமித்தட்டில் நின்ற கைமணியைத் தொட்டேன். சத்தம் நின்றது. கையை எடுத்தேன், வந்தது. அந்த ஒரு சுரத்துக்கு மட்டும் பித்தளைத் தட்டு அதிர்ந்தது, மணியின் விளிம்பு அதன்மேல் நடுங்கியது. நான் அலுமாரியைத் திறந்திருக்காவிட்டால் அது மைக்குக்கு எட்டியே இருக்காது.

பின்னேரம் நீங்கள் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே கேட்டீர்கள்: "என்ன பிள்ளை, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"ஒண்டுமில்லையப்பா. படிக்கக் கிடக்கு."

ஏன் அப்படிச் சொன்னேன்? முதல்நாள் அவ்வளவு நிச்சயமாகப் பேசியவள் என்ற வெட்கமா? அடுத்த சனிக்கிழமை மணியை எடுத்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் மறுபடி பதியலாம் என்று நினைத்தேன். அந்தச் சனிக்கிழமை உங்களுக்கு வேலை. அதற்கடுத்தது எனக்குப் பரீட்சை. ஆவணியில் நான் பொறியியல் படிக்க துரொண்ட்ஹைமுக்குப் போய்விட்டேன். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் கிட்டார்ப் பை சோபாவுக்குப் பின்னால் சாய்ந்து கிடக்கும். நீங்கள் அதைத் தொடுவதில்லை. தொலைபேசியில் பனியைப் பற்றிக் கதைத்தோம், பஸ்ஸில் ஏறும் குடிகாரர்களைப் பற்றிக் கதைத்தோம். அந்த வரி மட்டும் வாய்க்கு வரவில்லை.

மூன்று வருடங்கள் அப்படியே போக, இந்த வருடம் ஐப்பசியில் உங்கள் இதயம் நின்றது. அன்றே அம்மா அலுமாரிக் கதவைச் சாத்தினார். சாவுத் துடக்கு, முப்பத்தொரு நாள் விளக்கும் இல்லை, மணியும் இல்லை. அத்தனை இரவும் அம்மாவின் பக்கத்தில், அந்தச் சாத்திய கதவுக்கு எதிரே படுத்திருந்தேன். உள்ளே நிற்பது என்னவென்று எனக்கு மட்டும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிறு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்தது. வீடு கழுவியாயிற்று. "பிள்ளை, சாமித்தட்டைத் துலக்கவேணும், எடுத்துக்கொண்டு வா," என்றார் அம்மா.

கதவைத் திறந்தேன். தட்டில் மணியைக் காணவில்லை. அந்த இடத்தில் ஒரு சிறிய சிவப்புக் கம்பளிக் கையுறை பெருவிரலை நீட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றது. நான் பாலர் பள்ளிக்குப் போட்டுக்கொண்டு போனது. அம்மா தைத்த வெள்ளை நாடாவில் என் பெயர் இன்னும் இருந்தது. கையுறைக்குள் மணி.

"இது என்னம்மா?"

"அப்பான்ர வேலை. பயப்பிடாதை, தோய்ச்சுக் காயவைச்சுத்தான் போட்டவர்."

நீங்கள் அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று அம்மா சொன்னார். நான் துரொண்ட்ஹைமுக்குப் போய் இரண்டாம் கிழமை, ஒரு வெள்ளிக்கிழமை. அம்மா அலுமாரியைத் திறந்து விளக்கு ஏற்ற வந்திருக்கிறார். நீங்கள் கட்டிலில் இருந்தபடி கிட்டாரைச் சும்மா தட்டிப் பார்த்திருக்கிறீர்கள். அம்மா மணியைக் கையில் எடுத்ததும் கிர்ர் நின்றுவிட்டதாம்.

"அண்டைக்கு முழுக்கச் சிரிச்சவர். 'எங்கட இஞ்சினியருக்குச் சாமியும் சேர்ந்து வாசிச்சிருக்கு' எண்டு. அதுக்குப் பிறகு மணிக்குக் கையுறையைப் போட்டிட்டு ஒவ்வொரு நாளும் வாசிப்புத்தான்."

"நான் வரேக்க ஒருநாளும் வாசிக்கேல்லையே அம்மா?"

"கிர்ர் இல்லாமல் கேட்டால் உனக்கு விளங்கிப்போடுமெல்லோ. நீ வாற நேரம் கையுறையையும் கழட்டி ஒளிச்சுப்போடுவார். 'பிள்ளை கவலைப்படும், சொல்லிப்போடாதை' எண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவர்."

நான் ஆறு மாதம் முந்திக் கண்டுபிடித்தேன் என்பதை அம்மாவிடம் அப்போதுதான் சொன்னேன். அம்மா என்னை ஏசவில்லை. "ரெண்டு பேரும் ஒரே சாதிதான்," என்றார்.

அப்பா, ஏழு பதிவுகளும் என் கணினியில் பத்திரமாக இருக்கின்றன. அந்தச் சத்தத்தைத் துடைத்தெடுக்க இப்போது எனக்குத் தெரியும். துடைக்க மாட்டேன். முதலாவது பதிவை, எதையும் வெட்டாமல், இந்த மாதமே சித்தப்பாவுக்கு அனுப்புவேன். உறையில் இப்படி எழுதுவேன்: கிட்டார், அப்பா. மணி, வீட்டுச் சாமி. பிழை, மகள்.

அன்று தட்டைத் துலக்கி முடித்ததும் அம்மா விளக்கேற்றினார், மணி அடித்தார். பிறகு கையுறையை எடுத்து மணிக்கு மறுபடி போட்டு, தட்டில் நிறுத்திவிட்டு, கதவைச் சாத்தினார். கிட்டார் பைக்குள் இருக்கிறது.

ஹவுகன்ஸ்டுவாவிலிருந்து,
உங்கள் பிள்ளை